தோளும் துருத்தியும்

இசைக்கருவிகளில் மூச்சு விடுபவை சில உண்டு. புல்லாங்குழலும் நாகசுரமும் மனிதனுடைய மூச்சையே வாங்கிப் பாடுகின்றன. நம் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் நாள்தோறும் ஒலிக்கும் அக்கார்டியனும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதற்கு மூச்சைக் கொடுப்பது வாய் அன்று, வாசிப்பவரின் இடக்கை. அந்த இடக்கைக்கு ஓர் ஊறு நேர்ந்தால் அக்கார்டியனின் கதி என்ன? வாசிப்பவளின் கதி என்ன? சென்ற கல்வியாண்டு முழுவதும் எனக்குப் பாடமாக அமைந்த கேள்வி இது. அதைத் தோழியரோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 1829ஆம் ஆண்டு மே மாதம் வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் தம் புதல்வர் இருவருடன் சேர்ந்து இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஆர்கனும் பியானோவும் செய்பவர். இடப்புறத்துப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் சில சுரங்கள் இணைந்து ஒரே நேரத்தில் ஒலிக்கும். அந்த இணைவுக்கு அவர்கள் மொழியில் 'அக்கார்டு' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே அக்கார்டியன் என்னும் சொல். பெட்டிக்குள்ளே உலோகத்தாலான சின்னஞ்சிறு நாக்குகள் வரிசை வரிசையாக உள்ளன. காற்று பாயும்போது அவை துடித்து ஒலி எழுப்புகின்றன. நம் ஊர்ப் பஜனைகளில் வாசிக்கும் ஆர்மோனியமும் இதே முறையில்தான் பாடுகிறது. எனவே இரண்டையும் ஒன்றுவிட்ட சகோதரிகள் எனலாம்.

பெரிய அக்கார்டியனில் வலக்கைக்கு 41 கட்டைகள், இடக்கைக்கு 120 பொத்தான்கள், நடுவில் மடிப்பு மடிப்பாக விரியும் துருத்தி. எடை ஏறத்தாழப் பத்துக் கிலோ. எங்கள் பக்கத்தில் மாம்பழக் காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு கூடை மாங்காயைச் சுமந்து வருபவர்களுக்கு அந்த எடை என்னவென்று தெரியும். அத்தனையையும் இரண்டு தோள்வார்கள் தாங்குகின்றன. அந்த வார்கள் படியும் இடம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள காறை எலும்பு.

என் ஊர் குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ளது. இரவும் பகலும் பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஷிப்டுக்கு ஷிப்டு வந்து நிற்கும். என் அப்பாவும் அப்படி ஒரு பேருந்தில் போய் வருபவர்தாம். வீட்டில் அவ்வா தெலுங்கு பேசுவார். பக்கத்து வீட்டில் கன்னடம். பள்ளியில் தமிழ். மூன்று மொழிப் பாட்டுகளுக்கும் ஒரே பெட்டி ஈடு கொடுக்கிறதே என்று அவ்வா வியப்பார். ஏழாம் வகுப்பில் இசை ஆசிரியையான சிஸ்டர் என் தோளில் அக்கார்டியனை மாட்டிய நாளிலிருந்து, விடுமுறைக்கு மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு. அந்த நாட்களில் எங்கள் திண்ணை ஒரு சிறு கச்சேரி மேடையாகிவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். பள்ளி திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. முதல் நாள் பெய்த மழையில் சாலையோரம் சேறாகக் கிடந்தது. பேருந்தை விட்டு இறங்கியபோது கால் வழுக்கி, இடது தோள் தரையில் மோத விழுந்தேன். எழுந்தபோது கையைத் தூக்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காறை எலும்பு நடுவில் முறிந்திருந்தது.

"பயப்படாதே பாப்பா, சின்ன வயசுல இது நல்லாவே ஒட்டிக்கும். அறுவை எல்லாம் வேண்டாம்" என்றார் அவர்.

"சார், நான் அக்கார்டியன் வாசிக்கிறேன்" என்றேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதை எப்படி மாட்டுவீங்க? காட்டு பார்ப்போம்" என்றார். நான் வலக்கையால் என் தோளில் வார் படியும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் விரல் வைத்த இடமும் என் விரல் வைத்த இடமும் ஒன்றாகவே இருந்தன.

காறை எலும்பைப் பற்றி அன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. நம் கையை உடலின் நடுப்பகுதியோடு எலும்பால் இணைப்பது அது ஒன்றே. மற்றவை எல்லாம் தசையாலும் நாராலும் ஆன பிணைப்புகள். தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது முதலில் எலும்பாகத் தொடங்குவது அதுதான். வளர்ந்து முழுமை அடைவதில் கடைசியாக நிற்பதும் அதுதான். தோள்பட விழுந்தால் அடிக்கடி முறிவதும் அதுவே. இத்தனை சிறிய எலும்பின்மேல்தான் நாம் புத்தகப்பையையும், தண்ணீர்க் குடத்தையும், சில வேளைகளில் அக்கார்டியனையும் ஏற்றுகிறோம்.

கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் அந்தக் கட்டு. எடை எதையும் மூன்று மாதத்துக்குத் தூக்கக்கூடாது. தோளில் வார் மாட்டுவது அதற்கும் பிறகு, எக்ஸ்ரே பார்த்த பின்புதான் என்றார்கள். வேறு கருவி வாசிப்பவராயிருந்தால் ஒரு கையாலாவது பயிற்சியை விடாமல் செய்யலாம். பியானோவில் இடக்கை ஓய்ந்திருந்தாலும் வலக்கை பாடும். அக்கார்டியனில் அது இயலாது. இடக்கை துருத்தியை இழுக்காவிட்டால் வலக்கை எத்தனை கட்டையை அழுத்தினாலும் பெட்டி ஊமைதான். எனக்கு வலித்ததைவிட அந்த ஊமைத்தனமே மிகுதியாக வருத்தியது.

சிஸ்டர்தாம் வழி காட்டினார்கள். இசை அறையின் மூலையில் துணி போர்த்திய கால் ஆர்மோனியம் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. முற்காலத்தில் கோயில்களிலும் நாடகக் கம்பெனிகளிலும் பெரிதும் புழங்கிய கருவி அது. தையல் இயந்திரத்தைப் போல இரு கால்களாலும் மிதித்துக் காற்றூட்ட வேண்டும். "கைக்குத்தானே கட்டுப் போட்டிருக்கிறார்கள்? காலுக்கு இல்லையே!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தூசியைத் தட்டினார்கள். மறுநாள் முதல் மதிய இடைவேளையில் நான் காலால் மிதித்து வலக்கையால் வாசித்தேன். இரு கருவிக்கும் கட்டைகளின் வரிசை ஒன்றுதான். விரல்கள் தம் பாடத்தை மறக்காமல் காத்துக்கொண்டன. தையல் வகுப்புத் தோழிகள், "யாருக்கடி பாவாடை தைக்கிறாய்?" என்று கேலி செய்ததும் உண்டு!

ஆகஸ்டு மாதம் கட்டு அவிழ்ந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் இறுகிக் கிடந்தது. தலை வார, பின்னல் போட, ஜன்னலைத் திறக்கக் கை எழவில்லை. பிசியோதெரபி செய்யும் அக்கா இரண்டு பயிற்சிகளைக் கற்றுத் தந்தார். ஒன்று, மேசையில் வலக்கையை ஊன்றிக் குனிந்து, இடக்கையைக் கிணற்றில் தொங்கும் வாளியைப் போலத் தளர விட்டு மெல்ல வட்டமாக ஆட்டுவது. மற்றொன்று, சுவரை நோக்கி நின்று விரல்களால் பல்லியைப் போல மேலே ஏறுவது. எட்டும் உயரம் வரை ஏறி, அங்கே சற்று நின்று, மெதுவாக இறங்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவரில் அவ்வா நாள்தோறும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டார். சில நாள் கோடு ஒரு விரற்கடை ஏறும். சில நாள் ஏறாது. ஒரு நாள் முந்தைய கோட்டைவிடக் கீழேயே நின்றுவிட்டது. என் கண் கலங்கியதைக் கண்டு அவ்வா சொன்னார்: "கேழ்வரகு அரைக்கிற கல்லு ஒரே சுத்துல மாவு தருமா? இன்னைக்கு இவ்வளவுதான்னு சொல்லுது. நாளைக்குக் கேட்டுக்கோ." அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்த அடியின் அளவைத் தோளே சொல்ல வேண்டும், நாம் அல்ல என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் பள்ளி நூலகமே எனக்குத் துணை. என்னைப் போல் ஊறுபட்ட இசைஞர் யாரேனும் உண்டா என்று தேடினேன். அக்கார்டியன் பிறந்த அதே வியன்னாவில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் பால் விட்கன்ஸ்டைன். பியானோ மேதை. 1914இல் முதல் உலகப் போரில் காயமுற்று வலக்கையையே இழந்தார். ரஷ்யரிடம் கைதியாக இருந்தபோது ஒரு மரப்பெட்டியின் மேல் கட்டைகளை வரைந்துகொண்டு இடக்கையால் பழகினாராம். பின்னர், இடக்கைக்கென்றே புதிய இசையை எழுதித் தருமாறு பெரும் இசையமைப்பாளர்களைக் கேட்டார். பிரான்சு நாட்டின் ரவேல் அவருக்காக எழுதிய கான்செர்ட்டோவை 1932 ஜனவரியில் வியன்னாவில் அவரே முதன்முதலாக வாசித்தார்.

மற்றொருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். பாரிஸ் நகர நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த சிறுவர். 1928இல், 18 வயதில், அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி இடக்கையின் இரு விரல்கள் சுருங்கி மடங்கிவிட்டன. மீதமிருந்த விரல்களுக்கு ஏற்பக் கிடாரில் ஒரு புதிய வாசிப்பு முறையையே அவர் அமைத்துக்கொண்டார். இன்றும் உலகெங்கும் அந்த முறையைப் பயில்கிறார்கள்.

நம் நாட்டிலும் தேடினால் சுதா சந்திரன் அவர்களின் வாழ்க்கை கண்முன் நிற்கிறது. 1981ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் காயமுற்று, ஒரு காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் அவர். ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் மேடை ஏறினார். அவருடைய கதையே 'மயூரி' என்ற தெலுங்குப் படமாகி, அதில் அவரே நடித்தார். எங்கள் அவ்வா அந்தப் படத்தை இன்றும் வாய் ஓயாமல் சொல்வார்.

இவர்களுக்கு நேர்ந்தவற்றோடு ஒப்பிட்டால் என் முறிவு தூசுக்குச் சமானம். அதை நான் உணராமல் இல்லை. ஆயினும் மூவர் வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை என் மனத்தில் தைத்தது. இவர்களைப் பற்றிப் பேசும்போது மன உறுதி, விடாமுயற்சி என்றே நாம் புகழ்கிறோம். அது உண்மைதான். ஆனால் உறுதி மட்டுமா அவர்களை மேடையில் நிறுத்தியது? ஒருவர் தம் ஒரு கைக்கு ஏற்ற இசையை எழுதச் செய்தார். ஒருவர் தம் விரலுக்கு ஏற்ற முறையைக் கண்டார். ஒருவர் தம் காலுக்கு ஏற்ற செயற்கைக் காலைத் தேடிப் பொருத்திக்கொண்டார். பழைய உடலாக மாற வேண்டும் என்று அவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. இருக்கும் உடலுக்கு ஏற்பக் கலையைத் தைத்துக்கொண்டார்கள். தையற்காரர் நம் அளவுக்குச் சட்டையை வெட்டுகிறாரே ஒழிய, சட்டைக்காக நம் தோளை வெட்டுவதில்லை அல்லவா?

அந்த எண்ணத்தோடுதான் சிஸ்டரிடம் போனேன். அலமாரியின் அடித்தட்டில் 48 பொத்தான்களும் 26 கட்டைகளும் உள்ள சிறிய அக்கார்டியன் ஒன்று பழுதாகிக் கிடந்தது. எடை பெரியதில் ஏறத்தாழப் பாதி. துருத்தியின் மடிப்பு ஓரங்களில் காற்றுக் கசிந்ததால் அதை யாரும் எடுப்பதில்லை. சிஸ்டர் அதைப் பெங்களூருக்கு அனுப்பித் தோலும் துணியும் ஒட்டிச் சீராக்கித் தந்தார்கள்.

அக்டோபர் மாதம், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் இசைந்த பின், அந்தப் பெட்டியோடு பிசியோதெரபி அக்காவிடம் போனேன். அவர் அதற்குமுன் அக்கார்டியனைக் கண்டதில்லை. ஆனாலும் நான் உட்காரும் விதத்தையும் கை அசையும் விதத்தையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நாங்கள் மூவருமாகச் சில விதிகளை வகுத்தோம். இவை என் தோளுக்கென வகுத்தவை. பிறருக்கு அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

முதல் விதி, நின்றுகொண்டு வாசிப்பதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் முன்புறமாக நிமிர்ந்து உட்கார்ந்தால் கட்டைப்பகுதியின் அடி வலது தொடையின் உட்புறத்தில் ஊன்றும். துருத்தி இடது தொடையின் மேல் சாயும். எடையில் பெரும்பங்கைத் தொடைகளே வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, அகலமான, பஞ்சு வைத்த தோள்வார். எலும்பு கூடிய இடத்தில் சிறு புடைப்பு இருந்ததால் வார் அதன்மேல் படாமல் சற்று விலகி அமைய வேண்டும். இரு வார்களையும் முதுகில் ஒரு குறுக்கு வாரால் பிணைத்தால் அவை நழுவமாட்டா. மூன்றாவது, பெட்டியைத் தரையிலிருந்து நானே தூக்குவதில்லை. வாசிப்பதைக் காட்டிலும் குனிந்து தூக்குவதே தோளுக்குப் பெருஞ்சோதனை. ஒரு தோழி எடுத்து மடியில் வைப்பாள். நான்காவது, முதலில் ஐந்து நிமிடம் மட்டும். மறுநாள் காலை தோள் வலிக்காவிட்டால் ஒரு நிமிடம் கூட்டலாம். வலித்தால் கூட்டக்கூடாது.

முதல் வாரம் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. இடக்கைக் கட்டை விரலுக்கு அருகில் காற்றுப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திக்கொண்டு துருத்தியை விரித்தால் பாட்டு எழாது. காற்றின் ஓசை மட்டும் வரும். விரிக்கும்போது பெட்டியின் எடையே கையை இறக்கிச் செல்லும். மூடும்போதுதான் தோள் உழைக்க வேண்டும். ஒரு சாண் விரித்து ஒரு சாண் மூடினேன். தூங்கும் குழந்தை மூச்சு விடுவதைப் போன்ற அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த அவ்வா, "பாட்டு எங்கே?" என்று கேட்கவில்லை. "நல்லா மூச்சு விடுது" என்றார்.

ஒரு சாண் துருத்தியில் நீண்ட அடியை வாசிக்க முடியாது. நடுவில் காற்றின் திசையை மாற்றியே ஆக வேண்டும். சொல்லின் நடுவே மாற்றினால் பாட்டு விக்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் பாடிப் பார்த்து, பாடுபவர் மூச்சு வாங்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அந்த இடங்களில் மட்டும் துருத்தியைத் திருப்பினேன். வியப்பு என்னவென்றால், காலை வணக்கத்தில் என்னோடு பாடிய சிறுமியர், "அக்கா, இப்போது உங்களோடு பாடுவது எளிதாக இருக்கிறது" என்றார்கள். அவர்கள் மூச்சு வாங்கும்போது பெட்டியும் வாங்கியது. காரணம் அவ்வளவே.

இனி ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக விழா மேடையில் பெரிய அக்கார்டியனை வாசித்தவள் நான். 2025 ஜனவரி விழாவுக்கு அணிவகுப்புப் பாட்டு ஒன்றும், மும்மொழிப் பாட்டு ஒன்றும் இருந்தன. திறந்த மைதானத்தில் சிறிய பெட்டியின் ஒலி போதாது. "கொஞ்சம் பொறுத்துக்கொண்டு ஒரு நாள் பெரியதை மாட்டிவிடேன்" என்று அன்பாகச் சொன்னவர்களும் உண்டு. என் உள்ளமும் அதையே விரும்பியது. சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து, "முடிவு உன்னுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. உன் தோளைக் கேள்" என்றார்கள். தோளின் விடை எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆர்மோனியம் நன்கு வாசிப்பவள். பெரிய அக்கார்டியனை அவள் தோளில் மாட்டி, நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாள்தோறும் கற்றுக் கொடுத்தேன். முதல் நாள் அவள் என் வாரின் கொக்கியைத் தன் அளவுக்குச் சுருக்கியபோது என் நெஞ்சில் ஏதோ சுருங்கியது. பொறாமையே இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆயினும் கற்றுக் கொடுக்கும்போதுதான் எனக்கே சில தெளிந்தன. நான் பென்சிலால் குறித்த மூச்சு இடங்களை அவளுக்கும் காட்டினேன். அவள் வாருக்கும் முதல் நாளிலிருந்தே பஞ்சு வைத்தோம். முறிந்த பின்தான் பஞ்சு வைக்க வேண்டும் என்ற சட்டம் ஏதும் இல்லையே!

விழா அன்று அணிவகுப்புப் பாட்டை அவள் தனியே வாசித்தாள். மும்மொழிப் பாட்டில் அவள் பெரிய பெட்டியோடும் நான் சிறிய பெட்டியோடும் அருகருகே நாற்காலியில் அமர்ந்தோம். தெலுங்கு அடிகளை நான் வாசிக்க, தமிழையும் கன்னடத்தையும் அவள் வாசித்தாள். அப்பா அன்று இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வீடு திரும்பும்போது, "இரண்டு பெட்டியிருந்தும் ஒரே ஆள் வாசிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு வேண்டியதில்லை.

இன்று என் கை முழுவதும் மேலே எழுகிறது. பின்னலை நானே போட்டுக்கொள்கிறேன். தோளில் அந்தச் சிறு புடைப்பு இருக்கிறது. குளிர்ந்த மார்கழிக் காலைகளில் சற்றே வலிக்கிறது. சிறிய அக்கார்டியனை அரை மணி நேரம் வாசிக்கிறேன். பெரியதை மீண்டும் மாட்டும் நாள் வரலாம், வராமலும் போகலாம். அந்தக் கேள்வி இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

அன்புத் தோழியரே, உங்களில் ஒருத்திக்குக் கையில் கட்டு இருக்கலாம். ஒருத்திக்குக் கண்பார்வை குன்றியிருக்கலாம். ஒருத்திக்கு வெளியே தெரியாத வேறு சுமை இருக்கலாம். 'முன்போல் ஆகிவிடு' என்று அவளை அவசரப்படுத்தாதீர்கள். 'இப்போது உன்னால் எவ்வளவு முடியும்?' என்று கேளுங்கள். பெட்டியை எடுத்து மடியில் வையுங்கள். வாரின் நீளத்தைச் சரி செய்து கொடுங்கள். மீதியை அவளே வாசித்துக்கொள்வாள்.